பதினேழு வயதுப் பையனைத் தேடி ஹெலிகாப்டர் ஏன் வருகிறது?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் கல்லூரி அணிகள், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத ஒரு பையனைத் தங்களிடம் சேர்ப்பதற்காக லட்சக்கணக்கான டாலர் செலவழிப்பதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா? அந்தப் பணம் எதற்காகப் போகிறது, யாருடைய பணம் அது?

உண்மைதான். ஆனால் 'வீரர் சேர்ப்புச் செலவு' என்று கணக்குப் புத்தகத்தில் தனித் தலைப்பின்கீழ் எழுதப்படும் தொகை, அந்த வேலைக்காக உண்மையில் செலவாவதில் மிகச் சிறிய பகுதி. மீதியெல்லாம் கட்டடம், சம்பளம், நன்கொடை என்று வேறு தலைப்புகளில் ஒளிந்திருக்கும். ஆட்டக்காரன் கையில் பணம் கொடுக்கக் கூடாது என்று பல தலைமுறைகளாக ஒரு தடை இருந்தது; கொடுக்க முடியாமல் போன பணம், தண்ணீரைப் போலக் கிடைத்த பள்ளங்களில் எல்லாம் பாய்ந்தது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும். (நான் இங்கே ஃபுட்பால் என்று எழுதுவதெல்லாம், முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்தைத்தான்.)

முதலில் கணக்குப் புத்தகத்தில் தெரியும் தொகையைப் பார்த்துவிடுவோம். ஜார்ஜியா பல்கலைக்கழகம் 2022-ஆம் நிதியாண்டில் ஃபுட்பால் வீரர் சேர்ப்புக்கு மட்டும் சுமார் 45 லட்சம் டாலர் செலவிட்டது. 2021, 2022 ஆகிய இரண்டு பருவங்களிலும் தேசியப் பட்டத்தை வென்ற அணி அது. இத்தகைய செலவில் விமானப் பயணத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. காரணம் ஆடம்பர ஆசை மட்டுமன்று. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவில் நடக்கின்றன. கல்லூரி ஆட்டங்கள் சனிக்கிழமை. வெள்ளி மாலை தன் அணியின் பயிற்சியை முடித்துவிட்டு, முந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு பையன் ஆடுவதைப் பார்த்துவிட்டு, சனி காலை தன் அணியுடன் இருக்க வேண்டுமென்றால், பயணிகள் விமானத்தின் கால அட்டவணையை நம்பியிருக்க முடியாது. அதிலும் ஜார்ஜியா பல்கலைக்கழகம் இருக்கும் ஏதென்ஸ் சிறிய நகரம். பெரிய விமான நிலையத்துக்கு அட்லான்டா வரை சாலையில் போக வேண்டும். எனவே தனி விமானம், பக்கத்து ஊர் என்றால் ஹெலிகாப்டர். பள்ளி மைதானத்தின் ஓரத்தில் ஹெலிகாப்டர் இறங்குவதை அந்த ஊரே திரும்பிப் பார்க்கும் என்பதும், மறுநாள் அந்தப் படம் ஊரிலுள்ள எல்லாப் பையன்களின் கைப்பேசிக்கும் போய்விடும் என்பதும் பயிற்சியாளருக்கு நன்றாகவே தெரியும்.

அவ்வளவு செலவு செய்து போகிறவர் அங்கே என்ன செய்கிறார் என்பதுதான் வேடிக்கை. கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்பான என்.சி.ஏ.ஏ., ஆண்டை வீரர் சேர்ப்புக்காகப் பல பருவங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. சில நாட்களில் பையனின் வீட்டுக்கே போய்ப் பேசலாம். சில நாட்களில் நேரில் பார்க்கவே கூடாது. இடையில் ஒரு விசித்திரமான பருவம் உண்டு: ஆட்டத்தைப் போய்ப் பார்க்கலாம், பையனோடு பேச்சுவார்த்தை கூடாது. ஜூலை மாதத்தில் தென் கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் நடக்கும் பீச் ஜாம் என்ற, பள்ளி வயதுப் பையன்களுக்கான கூடைப்பந்துப் போட்டியில் இதைக் கண்கூடாகக் காணலாம். நாட்டின் மிகப் பெரிய பயிற்சியாளர்கள், ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் சம்பளம் வாங்குகிறவர்கள், தங்கள் கல்லூரிச் சின்னம் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மைதானத்தின் ஓரத்தில் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தாங்கள் விரும்பும் பையனின் ஆட்டத்தை அவர்கள் ஏற்கெனவே காணொளியில் பலமுறை பார்த்தாயிற்று. புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. அவன் பந்தோடு திரும்பும்போது தன் முகம் அவன் கண்ணில் பட வேண்டும், 'உனக்காக நான் வந்தேன்' என்பதை வாயைத் திறக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். போட்டியாளர் வந்திருக்கும் இடத்தில் நாம் இல்லாவிட்டால் ஆர்வம் குறைந்துவிட்டது என்று பொருளாகிவிடும் என்பதால், ஒருவர் வந்தால் எல்லோரும் வந்தாக வேண்டியிருக்கிறது. வீரர் சேர்ப்புச் செலவின் பெரும்பகுதி இந்த வகைதான். எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டால் ஒருவருக்கும் இழப்பில்லை. ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவர் தொலைந்தார்.

இதற்கு எதிர்பாராத விதமாக ஒரு சோதனையும் நடந்தது. கொரோனா காரணமாக 2020 மார்ச் முதல் 2021 மே இறுதி வரை நேரடிச் சந்திப்பு முழுவதையும் என்.சி.ஏ.ஏ. தடை செய்தது. பயணச் செலவு சரிந்தது. பயிற்சியாளர்கள் திரையில் பேசியே ஆட்களைச் சேர்த்தார்கள். முன்பு முதல்தர வீரர்களைப் பெற்றுக்கொண்டிருந்த பெரிய அணிகளே அப்போதும் பெற்றன. தடை நீங்கிய 2021 ஜூன் 1 அன்றே விமானங்கள் பறக்கத் தொடங்கிவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது, பையனைக் கல்லூரிக்கு வரவழைக்கும் செலவு. 'அதிகாரபூர்வ வருகை' என்று இதற்குப் பெயர். அதிகபட்சம் இரண்டு இரவு. பயணம், தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் கல்லூரியின் பொறுப்பு, பெற்றோருக்கும் சேர்த்து. டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2022 ஜூனில், ஆர்ச் மேனிங் என்ற புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) வந்த ஒரு வார இறுதியில் மட்டும், ஒன்பது பையன்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமாக ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் டாலர் செலவழித்தது. தலைக்கு முப்பதாயிரம் டாலருக்கு மேல். பொதுப் பல்கலைக்கழகம் என்பதால் தகவல் கேட்டுப் பெற்ற பத்திரிகையாளர்கள் வழியாக இது வெளிவந்தது. ஐந்து நட்சத்திர விடுதியும் உயர்ரக உணவகமும் ரசீதுகளாக வெளியே வந்தன. மேனிங் அந்த மாதமே டெக்சாஸைத் தேர்ந்தெடுத்தார். விடுதியின் மெத்தைதான் அவரைத் தீர்மானிக்க வைத்தது என்று நான் நம்பவில்லை. அவருடைய சித்தப்பாக்கள் பெய்ட்டன், ஈலை இருவரும் தொழில்முறை ஆட்டத்தின் மாபெரும் பெயர்கள், தாத்தா ஆர்ச்சியும் அப்படியே. அந்தக் குடும்பத்துக்கு நல்ல விடுதி புதிதன்று. ஆனால் செலவழிக்காமல் விட்டிருந்தால், அவர் வேறு இடம் போயிருந்தால், பழி யார் தலையில் விழுந்திருக்கும் என்பதைப் பயிற்சியாளர் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார்.

இத்தகைய வருகையில் தவறாமல் நடக்கும் ஒரு சடங்கு உண்டு. உடை மாற்றும் அறையில் பையனின் பெயர் எழுதிய அலமாரி தயாராக இருக்கும். உள்ளே அவன் விரும்பும் எண்ணுடன் அணியின் முழு உடை. அதைப் போட்டுக்கொண்டு, புகைப்படக்காரர் முன் நின்று, தாயையும் தம்பி தங்கையையும் பக்கத்தில் நிறுத்தி, ஒளியும் புகையும் சூழப் படம் எடுத்துக்கொள்வான். படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சட்டையைக் கொண்டுபோகக் கூடாது. கழற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், ஏனென்றால் அது அன்பளிப்பு ஆகிவிடும். விமானம் சரி, விடுதி சரி, முப்பது டாலர் சட்டை குற்றம்.

இந்த விதிகளின் வரலாறு தனிச் சுவை உடையது. ஒவ்வொரு விதியும், எங்கோ ஒரு கசிவை அடைக்கப் போட்ட அடைப்பு. ஊடகங்களுக்கான அணிக் கையேடுகளைக் கல்லூரிகள் பளபளக்கும் வண்ணத்தில் தலையணை கனத்துக்கு அச்சிட்டுப் பையன்களுக்கு அனுப்பத் தொடங்கியபோது, 208 பக்கங்களுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். குறுஞ்செய்திகள் குவிந்து பையன்களின் கைப்பேசிக் கட்டணம் எகிறியபோது, 2007-இல் பயிற்சியாளர்கள் குறுஞ்செய்தி அனுப்பவே தடை வந்தது. பின்னர் ஒவ்வொரு விளையாட்டுக்குமாக அது தளர்ந்தது. நிக் சேபன் என்ற பயிற்சியாளர் அலபாமா பல்கலைக்கழகத்துக்கு வந்து ஊர் ஊராகச் சுற்றியதைப் பார்த்த மற்றவர்கள், வசந்த காலத்தில் தலைமைப் பயிற்சியாளர் பள்ளிகளுக்குப் போகக் கூடாது என்று 2008-இல் ஒரு விதியே கொண்டுவந்தார்கள். சேபன் விதி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஆட்டக்காரர்களுக்குச் சிற்றுண்டியாக பேகல் ரொட்டி கொடுக்கலாம், அதன்மேல் சீஸ் தடவினால் அது உணவாகிவிடும் என்றுகூட ஒரு காலத்தில் விளக்கம் இருந்தது. இப்படி ஒவ்வொன்றை அடைக்க அடைக்கப் பணம் அடுத்த ஓட்டையைத் தேடிப் போனது.

அந்த ஓட்டைகளில் பெரியது கட்டடம். பையனுக்கு நேரடியாக எதுவும் கொடுக்க முடியாது. ஆனால் அவன் நான்காண்டு புழங்கப்போகும் இடத்தை அரண்மனையாக்கலாம். ஓரிகன் பல்கலைக்கழகத்தில், நைக்கி நிறுவனர் ஃபில் நைட்டின் கொடையில் 2013-இல் திறந்த ஃபுட்பால் வளாகத்துக்கு 6.8 கோடி டாலர் ஆனதாகச் சொல்லப்பட்டது. தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகம் 2017-இல் 5.5 கோடி டாலரில் கட்டியதில் ஒரு சறுக்குமரமும் குறுங்கோல்ஃப் திடலும் பந்துருட்டும் அரங்கும் உண்டு. கணக்கில் இவை மூலதனச் செலவு. எதற்காகக் கட்டினீர்கள் என்று பயிற்சியாளரைக் கேட்டால், வீரர் சேர்ப்புக்கு என்று ஒளிக்காமல் சொல்வார்.

இன்னொன்று சம்பளம். எந்தப் பையனையும் மசிய வைக்கும் பேச்சுத்திறமை உள்ள பயிற்சியாளருக்குச் சந்தையில் விலை ஏறிக்கொண்டே போயிற்று. அவருக்குக் கீழே காணொளி பார்ப்பவர், பள்ளிகளோடு தொடர்பு வைப்பவர், படம் வரைபவர், தரவு அலசுபவர் என்று ஒரு படையே உருவாயிற்று; அவர்கள் சம்பளம் 'ஊழியர் ஊதியம்' என்ற தலைப்பில் போகும், 'வீரர் சேர்ப்பு' என்பதில் வராது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷர் என்ற பயிற்சியாளரை வேலையிலிருந்து நீக்கியபோது, மீதமிருந்த ஒப்பந்தத்துக்காக 7.5 கோடி டாலருக்கும் மேல் கொடுக்கக் கடமைப்பட்டது. அவர் 2022-இல் சேர்த்த வீரர் கூட்டம், அதுவரை மதிப்பிடப்பட்டவற்றுள் மிகச் சிறந்தது என்று தரவரிசை நிறுவனங்கள் கொண்டாடியது. அந்தப் பருவத்தில் அணி ஐந்து ஆட்டங்களில் வென்று ஏழில் தோற்றது.

இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? முதன்மையாகத் தொலைக்காட்சியிலிருந்து. ஒளிபரப்பு உரிமையை என்.சி.ஏ.ஏ. தன் கையில் வைத்திருக்க முடியாது என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், கல்லூரிகளும் அவற்றின் கூட்டமைப்புகளும் தாமே விற்கத் தொடங்கின. பிக் டென் கூட்டமைப்பு 2022-இல் செய்த ஏழாண்டு ஒப்பந்தங்களின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் அதிகம். இதோடு நுழைவுச்சீட்டும் நன்கொடையும் சேரும். வழக்கமான வணிகத்தில் இப்படிப் பணம் வந்தால் ஒரு பகுதி முதலாளிக்கு லாபமாகவும், ஒரு பகுதி உழைப்பவருக்குக் கூலியாகவும் போகும். கல்லூரி விளையாட்டுத் துறைக்கு முதலாளி இல்லை. உழைப்பவருக்குக் கூலி கொடுக்கத் தடை. வந்ததையெல்லாம் வெற்றிக்காகச் செலவழித்தே ஆக வேண்டும் என்ற நிலையில், ஹெலிகாப்டரும் சறுக்குமரமும் அவ்வளவு பைத்தியக்காரத்தனமாகத் தெரியாது. இது உச்சியிலிருக்கும் சில டஜன் கல்லூரிகளின் கதை. அவற்றைத் துரத்தும் நடுத்தரக் கல்லூரிகள் பலவற்றில், விளையாட்டுக்கென்று ஒவ்வொரு மாணவரிடமும் வசூலிக்கும் கட்டணம்தான் துறையைத் தாங்குகிறது. ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காத மாணவியும் அதைக் கட்டுகிறாள். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட உறுத்துகிறது.

தடை இருந்தபோது பணம் ஆட்டக்காரர்களுக்குப் போகவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. டல்லாஸிலுள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில், 1985-86-இல் 13 ஆட்டக்காரர்களுக்குப் புரவலர் ஒருவரின் நிதியிலிருந்து ஏறத்தாழ 61 ஆயிரம் டாலர் மாதாமாதம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதைக் கண்டுபிடித்த என்.சி.ஏ.ஏ., 1987 பருவம் முழுவதையும் ரத்து செய்தது. கல்லூரியே 1988 பருவத்தையும் கைவிட்டது. தண்டனையைவிடப் பெரிய அதிர்ச்சி, அந்தக் கொடுப்பனவு தொடர்வதற்குப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் இருந்தவர்களே ஒப்புதல் அளித்திருந்தார்கள் என்பதை, அக்குழுவின் தலைவராக இருந்து பிறகு டெக்சாஸ் ஆளுநரான பில் கிளெமன்ட்ஸ் ஒப்புக்கொண்டதுதான். ஓரிகன் பல்கலைக்கழகம் 2010-இல் ஒரு தரகரிடம் 25 ஆயிரம் டாலருக்கு 'வீரர் தகவல் தொகுப்பு' வாங்கியது. வந்த தொகுப்பில் இருந்தவர்கள் பலர் ஏற்கெனவே பள்ளியை முடித்துப் போனவர்கள். தாளுக்காகவா அந்த விலை, தரகருக்குப் பழக்கமான பையன்களுக்காகவா என்று விசாரணை கேட்டது. 2013-இல் தண்டனை வந்தது. 2017 செப்டம்பரில் எஃப்.பி.ஐ. கூடைப்பந்து உலகில் பத்துப் பேரைக் கைது செய்தபோது, அடிடாஸ் நிறுவனத்தின் அதிகாரி ஒருவர், லூயிவில் கல்லூரிக்கு ஒரு பையனை அனுப்புவதற்காக அவன் குடும்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் பேசியிருந்தது தெரியவந்தது.

தடை இப்போது உடைந்துவிட்டது. 2021 ஜூனில், கல்விக்கான சலுகைகளுக்கு வைத்த வரம்பை எதிர்த்து ஆட்டக்காரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் மாணவர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆயிற்று. சில மாதங்களிலேயே ஒவ்வொரு கல்லூரியைச் சுற்றியும் ரசிகர்கள் நிதிக்குழு அமைத்தார்கள். விளம்பரம் என்ற பெயரில், சேர்வதற்கான விலை பேசப்பட்டது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சேருவதாக இருந்த ஜேடன் ரஷாடா என்ற பையனுக்குப் பேசிய 1 கோடியே 38.5 லட்சம் டாலர் ஒப்பந்தம் கைக்கு வராமலே போனது. அவர் 2024 மே மாதம் பயிற்சியாளர் மீதே வழக்குத் தொடுத்தார். 2024 ஆண்டு ஒஹையோ ஸ்டேட் அணியின் ஆட்டக்காரர்களுக்குச் சென்றது சுமார் 2 கோடி டாலர் என்று அதன் விளையாட்டு இயக்குநரே சொன்னார். அந்த அணி பட்டத்தையும் வென்றது.

பிறகு 2025 ஜூன் 6 அன்று, ஆட்டக்காரர்கள் இழப்பீடு கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றார். பழைய ஆட்டக்காரர்களுக்குப் பத்தாண்டுகளில் 280 கோடி டாலர். இனிமேல் கல்லூரிகளே நேரடியாக ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கலாம், முதலாண்டு உச்சவரம்பு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் நான்கில் மூன்று பங்கு அளவு ஃபுட்பாலுக்கே போகும்படி பல பெரிய கல்லூரிகள் பிரித்துக்கொண்டன. 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தம் ஒவ்வொன்றும் உண்மையான விளம்பரமா, வேஷம் போட்ட சம்பளமா என்று பார்க்கத் தனி அமைப்பும் வைத்திருக்கிறார்கள்.

நேராகக் கொடுக்க வழி பிறந்தபின் சுற்றுவழிச் செலவு குறையும் என்று பொருளாதார நிபுணர்கள் சிலர் எதிர்பார்த்தார்கள். கட்டடப் பித்து கொஞ்சம் தணியலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் ஆள் பிடிக்கும் வேலை குறையவில்லை, இரட்டிப்பாயிற்று. 2018-இல் தொடங்கிய மாற்றல் பதிவேட்டின் வழியாக இன்று ஒரு மாணவர் ஆண்டுதோறும் கல்லூரி மாறலாம். எனவே பயிற்சியாளர் பள்ளிப் பையன்களையும் தேட வேண்டும், பிற கல்லூரி ஆட்டக்காரர்களையும் தேட வேண்டும், தன்னிடம் இருப்பவர்களையும் ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகச் சேர்க்க வேண்டும். டென்னஸி பல்கலைக்கழக அணியின் நீக்கோ இயமலியாவா பள்ளியில் படிக்கும்போதே சுமார் 80 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் பேசப்பட்டவர் என்று செய்திகள் வந்தன. 2025 ஏப்ரலில் தொகையைக் கூட்டக் கேட்ட பேச்சு முறிந்து, அவர் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். இத்தகைய பேரங்களை நடத்தத் தொழில்முறை அணிகளைப் போலப் 'பொது மேலாளர்' என்ற பதவி வந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் அதை ஏற்றவர் ஆண்ட்ரூ லக், முன்னாள் நட்சத்திர ஆட்டக்காரர்.

இதற்கு நேர் எதிரான உலகமும் அங்கே உண்டு. என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவிலுள்ள கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகையே கொடுக்கக் கூடாது. அங்கே பயிற்சியாளர் தன் பழைய காரில் ஊர் ஊராகப் போய்ச் சேர்க்கும் நூறு ஃபுட்பால் பையன்கள், கல்லூரிக்குக் கட்டணம் கட்டப்போகும் நூறு மாணவர்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்து தவிக்கும் சிறு கல்லூரிகள் புதிதாக அணி தொடங்குவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். அங்கே வீரர் சேர்ப்பு செலவு இல்லை, வரவு.

குறிப்பிட்ட ஒரு கல்லூரியின் தொகையை நீங்களே பார்க்க விரும்பினால், 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கூட்டாட்சி அரசின் மாணவர் நிதியுதவி பெறும் இருபாலர் கல்லூரிகள் விளையாட்டுக் கணக்கை ஆண்டுதோறும் அமெரிக்கக் கல்வித் துறையிடம் கொடுக்கின்றன. தனியார் கல்லூரிகளும் அதில் அடக்கம். ஆண்கள் அணிகளுக்கும் பெண்கள் அணிகளுக்கும் வீரர் சேர்ப்புச் செலவு தனித்தனியாக இருக்கும். அந்த இரண்டு எண்களை ஒப்பிட்டுவிட்டு, அதே பக்கத்தில் பயிற்சியாளர் சம்பளத்துக்கான வரியையும் பாருங்கள்.